பச்சை நூலில் ஐந்து முடிச்சு

போன மாதம் உங்களுடைய சிறுவர் நிலையத்துக்கு என்னை அழைத்து, கதிரையில் இருத்தி, "அனுபவத்தைச் சொல்லுங்க மிஸ்" என்றீர்கள். பிறகு ஐந்து பேர் வரவேற்புரை நிகழ்த்தினீர்கள். ஐந்தாவது உரை முடிந்தபோது லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். சொல்ல இருந்ததை இப்போது எழுதுகிறேன், தங்கச்சிமாரே. எழுத்துக்கு வரவேற்புரை கிடையாது.

உண்மையைச் சொன்னால் அன்று நான் உரைகளைக் கேட்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு தொட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நிற நூல்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றையொன்று தொட்டு விலகின. பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம் இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"நிற அறிவு மிஸ். புள்ள கண்ணால நிறத்தப் புடிச்சு மூள வளரும்."

"ஒவ்வொண்டுலயும் அஞ்சு முடிச்சு என்னத்துக்கு?"

"கையேட்டுல அஞ்சு எண்டுதான் இரிக்கி."

"நாலு போட்டா?"

அவள் என்னைக் கருணையோடு பார்த்தாள். ஓய்வு பெற்றவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கருணை இருக்கிறது. ஐம்பதுகூட ஆகவில்லை எனக்கு. முதுகெலும்பு மட்டும் முந்திக்கொண்டு ஓய்வு கேட்டது. முப்பது வருடத்துக்குக் கிட்ட மற்றவர்களின் பிள்ளைகளைக் குனிந்து தூக்கிய முதுகு அது.

அந்த ஐந்து முடிச்சு கையேட்டுக்குள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அவற்றை முதலில் போட்டவை என் விரல்கள்.

சூறாவளி ஊரின் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் அது. கல்முனைக்கு வடக்கே எங்கள் ஊரில் நெசவு நிலையம் ஒன்று இருந்தது. நாற்பது கைத்தறிகள், நாற்பது பெண்கள். அதை ஒட்டி, நிவாரணத்தில் வந்த தகரத்தில் ஒரு கொட்டில் போட்டு, தறிக்காரிகளின் கைக்குழந்தைகளை வைத்துப் பார்க்க ஒரு நிலையம் தொடங்கினார்கள். பலகையில் இருந்த பெயர் மிக நீளம். வாசித்து முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பசித்துவிடும். ஊருக்குள் அதற்கு ஏணைக் கொட்டில் என்று பெயர். கூரை வளையில் கயிறு போட்டு, கயிற்றில் சேலை கட்டி, பன்னிரண்டு ஏணைகள் தொங்கின. அவற்றில் பன்னிரண்டு உயிர்கள் தொங்கின. பார்த்துக்கொள்ள நான். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் டீச்சர் என்று அழைத்தார்கள்.

அந்தக் குழந்தைகளுக்குத் தாலாட்டுத் தேவைப்படவில்லை. தறியின் சத்தத்தில் தூங்கின. நாற்பது தறியும் தேத்தண்ணிக்கு நிற்கும்போது, அந்த மௌனத்தில் திடுக்கிட்டுப் பன்னிரண்டும் ஒன்றாக விழிக்கும். மௌனம்தான் அவர்களுக்கு இடி. அந்த நேரம் தாய்மார் மார்புச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். காலை ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். வர முடியாத தாயின் பிள்ளை அழுதால், பக்கத்து ஏணைக்காரி தன் பிள்ளையை ஒரு மடியிலும் அதை மறு மடியிலும் போட்டுக்கொள்வாள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை.

தொடங்கி மூன்று மாதத்தில் என்னை மட்டக்களப்புக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முப்பது பெண்களுக்கு ஒரு பொம்மை. அதிகாரி ஒருவர் அந்தப் பொம்மையைக் குளிப்பாட்டினார், பவுடர் பூசினார், தோளில் போட்டு முதுகைத் தட்டினார். பத்து நாளும் அது ஒரு தரம்கூட அழவில்லை. அதிகாரியின் பிள்ளை வளர்ப்பில் எங்களுக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டது. கிருமி என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஏணைக் கயிற்றில் கிருமி. தாயின் சேலைத் தலைப்பில் கிருமி. கயிற்றில் கட்டும் பழைய துணி, நூல், தாயத்து எல்லாம் மூடத்தனம், கிருமிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு சான்றிதழும் ஒரு கத்தரிக்கோலும் தந்தார்கள்.

இளம் வயதில் ஒருத்திக்குச் சான்றிதழைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் மறந்துபோவாள். கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை, தறிகள் ஓடத் தொடங்கியதும் நான் வாங்குப் பலகையின் மேல் ஏறினேன். எங்கள் ஏணைக் கயிறுகளிலும் நூல்கள் இருந்தன. தறியில் மிஞ்சிய துண்டு நூல்கள், பல நிறத்தில், முடிச்சு முடிச்சாக. மூன்று மாதம் அவற்றின் கீழேதான் நடந்திருக்கிறேன். பேய் பிசாசுக்குக் கட்டியது என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. அதுவும் ஆசியாவின் மகள் நஸீமாவின் கயிறு பெருநாள் கடை மாதிரி இருந்தது. அத்தனையையும் வெட்டினேன். கை நிறைய அள்ளி, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டேன். பஞ்சு நூல், ஒரு மூச்சில் எரிந்தது. சுகாதாரம் நீலச் சுவாலையாக எழுந்ததைப் பார்த்து நின்றேன். அவ்வளவு திருப்தி எனக்கு என் நிக்காஹ் நாளில்கூட வரவில்லை.

பத்து மணிக்குத் தறி நின்றது. தாய்மார் வந்தார்கள். முதலில் வந்தவள் சுபைதா. மூன்று பிள்ளை பெற்றவள், வாயும் கையும் சம வேகம். அவளுடைய கடைக்குட்டி றியாஸ், ஏழு மாதம். வாசலில் நின்றவள் கயிறுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நூலெல்லாம் எங்க?"

"வெட்டி எரிச்சிட்டன். கிருமி."

பின்னால் வந்தவர்கள் ஒருத்திமேல் ஒருத்தி முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கிருமியா?" என்றாள் சுபைதா மெல்ல. "புள்ள, நீ எரிச்சது எங்கட புள்ளையளுட கலியாணத்த."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மார்க்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் குழந்தைக்கு ஐந்து தரம் வயிறாரப் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அவள் பால்தாய். அவள் பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள் அத்தனை பேரும் அதற்கு உடன்பிறப்பு. அவர்களில் எவரையும் அது கலியாணம் முடிக்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. மத்ரஸாவில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் பரிசு வாங்கிய விஷயம் ஏணைக் கயிற்றில் தொங்கும் என்று எனக்கு யார் சொன்னது? மற்றவளின் பிள்ளைக்கு ஒரு தரம் கொடுத்தால், கொடுத்தவள் தன் தறியின் நிறத்தில் ஒரு நூல் எடுத்து அந்தப் பிள்ளையின் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவாள். நாலு முடிச்சு ஆனதும் நிறுத்திவிடுவாள். நாலு வரைக்கும் இரக்கம். பசியும் ஆறும், இருபது வருடத்துக்குப் பின் நடக்கவேண்டிய கலியாணமும் தப்பும். எழுதப் படிக்கத் தெரியாத நாற்பது பெண்கள், எந்தப் பயிற்சியும் இல்லாமல் நடத்திய பதிவேடு அது. நான் அதை அடுப்பில் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

பெரும்பாலானவர்கள் தங்கள் எண்ணிக்கையை ஞாபகத்தில் வைத்திருந்தார்கள். அன்றே புது நூல் கட்டிவிட்டார்கள். நஸீமாவின் கயிறுதான் சிக்கல். அவளுடைய உம்மா ஆசியா நெருப்புக்காய்ச்சலில் ஒரு வாரமாகத் தளர்ந்து, பால் வற்றி, முந்திய நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஐந்து மாதப் பிள்ளையை வார்டுக்குள் விடவில்லை. நான் மட்டக்களப்பில் இருந்த அந்த வாரம் முழுக்க நஸீமா கை மாறிக் கை மாறி மடி மடியாகக் குடித்திருந்தாள். ஆளுக்கு எத்தனை என்று அவசரத்தில் ஒருத்திக்கும் நிச்சயமில்லை. கயிறு சொல்லும் என்று விட்டிருந்தார்கள்.

அதிகம் கொடுத்தவள் சுபைதா. ஆசியாவின் புருஷன் காசிம், சுபைதாவின் தம்பி. நஸீமா அவளுக்கு மருமகள் முறை. முறை மட்டுமல்ல. நஸீமா பிறந்த நாற்பதாம் நாளே, சுபைதாவின் வாப்பா, பள்ளிவாசலில் அவர்களுடைய குடிக்குத் தலைவராக, மரைக்காராக இருந்தவர், இரண்டு பேரப்பிள்ளைகளையும் ஒரு பாயில் கிடத்தி, "இவனுக்கு இவள்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் வரும். ஆசியாவுக்குக் கல்வீடும் மூன்று ஏக்கர் வயலும் இருந்தன. அது நஸீமாவுக்குப் போகும். நஸீமா றியாஸுக்கு வருவாள். வயல் குடும்பத்துக்குள் நிற்கும். இருவருக்கும் பல் முளைக்கவில்லை. வரம்பு மட்டும் கட்டியாகிவிட்டது.

"மூணு குடுத்தன் எண்டு நினைக்கன்," என்றாள் சுபைதா. "நாலாவும் இரிக்கும். கடைசி நாள் முடிச்சுப் போட்டனோ, போடல்லியோ..."

மூன்றென்றால் இன்னும் ஒரு தரம் கொடுக்கலாம். நாலென்றால், அடுத்த தரம் மருமகள் மகளாகிவிடுவாள்.

மற்றத் தாய்மாரைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தி, "எனக்கு மூணு ஆம்பிளப் புள்ள டீச்சர், ஒண்டுக்காவது இவள் சரிவருவாள் எண்டு பாத்தன்" என்றாள். பொம்பிளைப் பிள்ளை மட்டும் பெற்ற ஒருத்தியிடம் ஓடினேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "இனிப் பிறக்கிறது ஆம்பிளயா இரிந்தா?" இருபது வருடத்துக்குப் பிறகு வரப்போகிற மாப்பிள்ளைமார் எல்லோரும் அந்தக் கொட்டிலுக்குள் வந்து, பசியில் கத்தும் ஒரு பிள்ளைக்குக் குறுக்கே வரிசையாக நின்றார்கள். அவர்களில் சிலர் இன்னும் உருவாகவே இல்லை.

பால்மா கரைத்தேன். சூப்பிப் போத்தலில் ஊற்றி வாயில் வைத்தேன். நஸீமா முகத்தைத் திருப்பினாள். கரண்டியால் விட்டேன், துப்பினாள். அன்று பின்னேரம் வரை அழுதாள். காசிம் வந்து தூக்கிப்போனான். இரவு முழுக்க சீனித் தண்ணீர் தொட்டு வைத்தானாம். செவ்வாய் காலை கொண்டுவந்து தந்தபோது அவள் அழவில்லை.

அதிகாரி எங்களுக்கு அழுகையைப் பற்றி ஒரு முழு நாள் வகுப்பெடுத்தார். பசி அழுகை, வலி அழுகை, தூக்க அழுகை. அழாமல் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொம்மை எப்போதும் அழாமல்தானே இருந்தது. தங்கச்சிமாரே, பன்னிரண்டில் பதினொன்று கத்தினால் அந்தப் பதினொன்றையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டாவதிடம் போங்கள். உச்சியைத் தொட்டேன். உச்சிக்குழி உள்ளே போயிருந்தது, மழைக்குப் பின் மணலில் குதிகால் பதிந்த மாதிரி. காலையிலிருந்து துணியும் நனையவில்லை. காசிமிடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன். "வாப்பா ஜீப்புக்குச் சொல்லிரிக்கார், இப்ப கூட்டம் வெச்சிரிக்கார், முடிஞ்சதும் அதுலயே போவம்" என்றான். வாப்பாவைக் கேட்காமல் மூச்சு விடாதவன்.

கூட்டம் நெசவு நிலையத்தின் முன் அறையில். மரைக்கார், மௌலவி, இன்னும் ஐந்து பெரியவர்கள். மேசையில் பிஸ்கட்டும் தேத்தண்ணியும். நான் கதவோரம் நின்றேன்.

விஷயம் ஐந்து தரம் என்பதில் 'ஒரு தரம்' என்றால் என்ன என்பதில் நின்றது.

"குடிச்சுட்டு ஏப்பம் உட்டு மறுகாக் குடிச்சா அது ஒண்டா, ரெண்டா?"

"இடையில நித்திரயாப் போனா?"

"ஒரு பக்கத்தால மத்தப் பக்கம் மாத்தினா?"

ஒன்பது பிள்ளைகளின் வாப்பா ஒருவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒரு புள்ள ஒரு நாளைக்கி எத்தின தரம் குடிக்கும்?"

"எட்டு, பத்துத் தரம்."

"அவ்வளவுக்கா?" என்றார். ஒன்பது பிள்ளைகளும் எப்படி வளர்ந்தன என்று முதல் முறையாக அவருக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது போல் இருந்தது.

மௌலவி இளைஞர்; அந்த அறையில் மேசைக்கு வெளியே யோசித்தவர் அவர் ஒருவர்தான். "எண்ணிக்கையில சந்தேகம் எண்டா உறவு உண்டாகாது. நிச்சயம் வேணும். பால் விஷயத்துல பொம்பிளயளுட சாட்சியம் போதும், நாலு பேர் சொன்னா எடுக்கலாம். எல்லாத்துக்கும் முந்தினது புள்ளட உயிர்..."

"அது சரி, அது சரி," என்றார்கள் எல்லோரும். "மௌலவி, பிஸ்கட் எடுங்க." அத்தனை பேரும் தலையாட்டியபடியே ஏப்பத்துக்குத் திரும்பினார்கள்.

பிறகு மரைக்கார் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. சூறாவளியில் வீடிழந்த பதினேழு குடும்பத்தைத் தன் வளவில் வைத்துச் சோறு போட்டவர். என்னை அந்த வேலையில் சேர்த்தவரும் அவர்தான்.

"மகள், நூல வெட்டினது நீ. சுபைதாட நூல் பச்ச. அதுல எத்தின முடிச்சு இரிந்திச்சு? மூணுதானே?"

அந்த 'தானே'யில் எல்லாம் இருந்தது. என் வேலை இருந்தது. வயல் இருந்தது. மூன்று என்று சொன்னால் அறை முழுக்க மூச்சு விடும். இன்னொரு தரம் கொடுக்க அனுமதி வரும். அந்த ஒரு தரத்தோடு சரி. இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைக்கு மறுபடி பசிக்கும், அப்போது என் பொய் அதற்குப் பால் தராது. ஐந்து என்று சொன்னால் சுபைதா தடையில்லாமல் கொடுக்கலாம். அதுவும் பொய், ஒரு பொய்யின் மேல் ஒரு பிள்ளைக்கு உம்மாவைக் கட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் கூடுதலாக எடுத்தால், மற்றவர்கள் அந்த நிமிஷத்தில் உங்களுக்கு ஒரு பதிலைத் தயார்செய்து தந்துவிடுவார்கள்.

"தெரியா மாமா. நான் எண்ணல்ல."

"எண்ணாமலா வெட்டின?"

"ஓம். பச்சையா சிவப்பா எண்டும் பாக்கல்ல. என்ட பிழ. புள்ள காஞ்சு போறாள் மாமா, குடுக்கச் சொல்லுங்க."

"குடுத்து அது அஞ்சாப் போனா?"

"போகட்டும்."

மரைக்கார் என்னை அப்படிப் பார்த்தார், வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியவனைப் பார்ப்பது போல. "நீ போ மகள். நாங்க யோசிச்சுச் சொல்லுறம்."

நான் திரும்பி ஏணைக் கொட்டிலுக்குள் வந்தபோது சுபைதா நஸீமாவின் ஏணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். றியாஸ் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான். அவளுடைய சட்டையின் முன்புறம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. அந்த உடம்பு எவருடைய தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

"என்னகா சொல்லுறாங்க?"

"யோசிக்கிறாங்க."

"எதப்பத்தி?"

"ஏப்பத்தப்பத்தி."

அவள் சிரிக்கவில்லை. தகரத் தடுப்புக்கு அப்பால் தறிகள் ஓடுகிற சத்தம். ஏணைக்குள் குனிந்து பிள்ளையின் உச்சியில் கைவைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர், எழுதுற கொப்பி இரிக்கா?"

"இரிக்கி."

"மூணா நாலா எண்டுற தொந்தரவ இண்டையோட முடிப்பம். பழைய கணக்கு வேணாம். இண்டைக்கிப் புதுசா அஞ்சு. நீ எழுது. நாலு பேரக் கூப்புடு, பாக்கட்டும்."

"ராத்தா, றியாஸுக்கு இவள் இல்லாமப் போவாள். அந்த வீடு, வயல்..."

"என்ன, நான் சின்னப் புள்ளயா, எனக்குச் சொல்லுறாய்?" என்றாள். "நூல எரிக்கக்குள்ள கேட்டியா? இப்ப மட்டும் கேக்காத. புள்ளயத் தா."

தடுத்திருக்கலாம். பெரியவர்கள் யோசிக்கிறார்கள், அது வரைக்கும் பொறு என்று சொல்வது என் வேலைக்குப் பாதுகாப்பு. அந்த இடத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்று: பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த பெரிய முடிவு மூன்று அடி தூரம்தான்.

முதலில் நஸீமாவுக்கு உறிஞ்சவும் பலமில்லை. சுபைதா பீச்சி உதட்டில் விட்டாள். ஒரு துளி, இன்னொன்று. பிறகு அந்தச் சின்னத் தாடை ஒரு தரம் அசைந்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான் நாலு பேரைத்தான் கூப்பிட்டேன்; தறியில் இருந்த அத்தனை பேரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். சத்தம் நின்றதில் மற்றக் குழந்தைகள் எல்லாம் விழித்துக் கத்தின. அந்தக் கத்தலுக்கு நடுவில் நஸீமா விழுங்குகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்டு," என்றார்கள் சாட்சிகள்.

நான் கொப்பியில் நேரம் எழுதினேன். எழுதியும் கை நிற்கவில்லை. சுபைதாவின் தறியிலிருந்து ஒரு முழம் பச்சை நூல் அறுத்து வந்து, வெட்டிய கயிற்றில் நானே கட்டி, ஒரு முடிச்சுப் போட்டேன்.

இரண்டாவது லுஹருக்கு முன். மூன்றாவதற்குப் பிறகு துணி நனைந்தது. யாரோ ஒருத்தி மூத்திரத் துணியைப் பெண்கள் கூட்டம் முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள், பெருநாள் பிறை கண்டவள் மாதிரி. நாலாவது முடிச்சும் போட்டேன். சந்தேகமான பழைய கணக்கை விட்டால், இது வரைக்கும் திரும்பலாம். சுபைதா கைகால் கழுவி ஒளுச் செய்து, பின்னேர அசரைத் தொழுதுவிட்டு வந்தாள். றியாஸை ஒரு தரம் தூக்கிக் கொஞ்சி, இறக்கிவிட்டு, நஸீமாவை எடுத்தாள்.

"இந்தாடா," என்றாள் மகனைப் பார்த்து, "உனக்குத் தங்கச்சி."

"அஞ்சு," என்றார்கள். ஒருத்தி அழுதாள். அவளுக்கு மூன்று ஆம்பிளைப் பிள்ளைகள். எதற்கு அழுதாள் என்று நான் விசாரிக்கவில்லை.

நான் கொப்பியோடு முன் அறைக்குப் போனேன். லுஹருக்குக் கலைந்து, சோறு தின்று, தூங்கி எழுந்து, அசருக்குப் பிறகு மறுபடி கூடியிருந்தார்கள். ஏப்பம் முடிந்து, பிள்ளை விக்கினால் என்ன என்பதில் இருந்தார்கள். கொப்பியை மௌலவியின் முன்னால் வைத்தேன். ஐந்து நேரம். நாலு பெயர். நாலு பேரில் ஒருத்திக்கு மட்டும் கையெழுத்து, மற்றது கட்டைவிரல்.

மரைக்கார் கேட்டார்: "ஆர்ட உத்தரவுல?"

"ஒருத்தர்ட உத்தரவும் இல்ல மாமா. புள்ளயத் தூக்கிக் குடுத்தது நான். குடுத்தது உங்கட மகள்."

மௌலவி வாசித்தார். கொப்பியை மூடினார். "நிச்சயமாப் போச்சு. நஸீமாவுக்கு இனி ரெண்டு உம்மா. அல்ஹம்துலில்லாஹ். எழும்புவம்."

ஒருவரும் எழும்பவில்லை. மரைக்கார் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் கடைசிவரை குடித்தார். மூன்று ஏக்கர் வயல் அவருடைய கண்ணுக்குள் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு, "புள்ள இப்ப எப்படி?" என்று கேட்டார். காலையிலிருந்து அந்த அறையில் அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

"மூத்திரம் பெஞ்சிட்டாள், மாமா."

"ம்," என்றார்.

கூட்டம் வீண்போகவில்லை. ஒரு தீர்மானம் நிறைவேறியது: இனிமேல் நூல்களையும் முடிச்சுகளையும் மேற்பார்வை செய்ய ஐந்து ஆண்கள் கொண்ட குழு. அந்தக் குழுவில் ஒருவரும் நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஏணைக் கொட்டிலின் வாசல் மிதித்ததில்லை. மரைக்கார் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை.

ஆசியா பதினைந்து நாள் கழித்து வந்தாள். தலைமுடி கொட்டி, சட்டை தோளில் நிற்காமல். மகள் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுபைதாவின் கழுத்தில் புதைத்தாள். ஆசியா கயிற்றுக்குக் கையை உயர்த்தி, பச்சை நூலை விரலால் தடவித் தடவி எண்ணினாள். ஐந்தாவதில் விரல் நின்றது.

"மதினி," என்றாள். "உங்கட மகனுக்குப் பொண்ணு இல்லாமப் போச்சே."

"பொண்ணு போனாப் போகுது," என்றாள் சுபைதா. "புள்ள இரிக்கித்தானே. புடி, கனக்குது."

இனி உங்கள் கையேட்டுக்கு வருகிறேன்.

அடுத்த வருடம், மட்டக்களப்பில் பொம்மையைக் குளிப்பாட்டிய அதே அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். பன்னிரண்டு கயிற்றிலும் நூல்கள். அவர் நெற்றி சுருங்கியது. கிருமி என்று சொல்ல வாயெடுத்தவர், நஸீமாவைப் பார்த்துவிட்டார். அவள் ஏணையைப் பிடித்து நின்றுகொண்டு, தலைக்கு மேல் ஆடிய பச்சை நூலைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆ," என்றார் அதிகாரி. "நிறம் காட்டுகிறீர்களா? நல்ல முயற்சி. எத்தனை முடிச்சு?" அவரே எண்ணினார். "ஐந்து. ஐந்து விரல், ஐந்து புலன். மிக நல்லது. யாருடைய யோசனை?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து ஒரு பிள்ளையின் துணியை மாற்றுவது போல் பாவனை செய்தேன். சுபைதா நஸீமாவையும் றியாஸையும் இடுப்பின் இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அது என்ட யோசன, சேர்."

"அப்படியா? இதற்கு என்ன செலவாகும்?"

சுபைதா மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"ஒரு வீடும் மூணு ஏக்கர் வயலும், சேர்," என்றாள்.

தறிக்காரி பகிடி விடுகிறாள் என்று அதிகாரி பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்: நிற நூல், ஐந்து முடிச்சு, செலவு ஏதுமில்லை. அதைத்தான் எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். அதைத்தான் நீங்கள் உங்கள் பதினான்கு தொட்டில்களிலும் கட்டியிருக்கிறீர்கள்.